பதினெட்டு ஆண்டு உழைப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு

நீண்ட காலம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவரை ஒரு நாள் காலையில் மேலாளர் அறைக்கு அழைத்து, இன்றோடு உங்கள் வேலை முடிந்தது என்று சொல்லும்போது, அவர் முன்னால் வேலைநீக்க உத்தரவை வைக்கும் நிறுவனங்கள் மிகக் குறைவு. ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்ட ராஜினாமாக் கடிதம்தான் பெரும்பாலும் அங்கே தயாராக இருக்கும். சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்கிறேன் என்று ஒரு வரி, கீழே தேதிக்கும் கையெழுத்துக்கும் இடம், பக்கத்தில் ஒரு பேனா. இவ்வளவுதான் அந்தக் காகிதம். ஆனால் இந்த நாட்டின் தொழிலாளர் சட்டம் நீண்ட காலம் உழைத்தவருக்கென்று சேர்த்து வைத்திருக்கும் உரிமைகளில் பெரும்பகுதி அந்த ஒரு கையெழுத்தில் கைநழுவிப் போய்விடும் என்பதை, அந்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் சொல்வதில்லை.

நான் பல ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருந்தவள். வேலையை விட்டுப் போகிறவர்களுக்கான செட்டில்மெண்ட் தாளைத் தயாரிப்பது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதனால்தான் சில வாரங்களுக்கு முன் என் சித்தப்பா மகன் தொழிற்சாலைக்கு உள்ளேயிருந்தே என்னைக் கைபேசியில் அழைத்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் அவனுக்குப் பதினேழு ஆண்டு எட்டு மாத சர்வீஸ். "அக்கா, கையெழுத்துப் போட்டாத்தான் இன்னைக்கே செக் தருவாங்களாம். போடட்டுமா?" என்று கேட்டான். "போடாதடா. வீட்டுல படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னு பேப்பரை மட்டும் வாங்கிட்டு வா" என்றேன். அவன் அப்படியே கேட்டான். அவர்கள் காகிதத்தைக் கையில் தரவில்லை. கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளவும் விடவில்லை. ஆனால் செட்டில்மெண்ட் தொகையின் விவரத்தாளை மட்டும் தந்து அனுப்பினார்கள். அவனைப் போன்ற நிலையில் இருக்கும் பலருக்கும் பயன்படும் என்பதால், அந்தத் தாளை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

தாளில் இரண்டு வரிகள் இருந்தன. பணிக்கொடை (கிராஜுவிட்டி) 2,70,000 ரூபாய்; நல்லெண்ண அடிப்படையில் இரண்டு மாதச் சம்பளமாக 52,000 ரூபாய். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து அவனுடைய மாத ஊதியம் 26,000. பணிக்கொடைக் கணக்கு சரியாகவே இருந்தது: மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வரும் தொகையைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலம் ஒரு முழு ஆண்டாக எண்ணப்படும் என்பதால் பதினேழு ஆண்டு எட்டு மாதம் என்பது பதினெட்டாகிறது. ஆக 1,000 பெருக்கல் 15 பெருக்கல் 18. இந்தத் தொகையை யாரும் அவனுக்குத் தயவு பண்ணித் தரவில்லை. ராஜினாமா செய்தாலும், ஓய்வு பெற்றாலும், நீக்கப்பட்டாலும், ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அது சேர வேண்டிய பணம்.

அந்தத் தாளில் இல்லாத வரிகள்தான் முக்கியமானவை. ராஜினாமா இல்லாமல் நிறுவனமே அவனை ஆட்குறைப்புச் செய்வதாக இருந்தால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியம் என்பது அரை மாத ஊதியம். இங்கே 26ஆல் வகுக்கும் கணக்கு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் 13,000 பெருக்கல் 18, அதாவது 2,34,000 ரூபாய். அதற்கு மேல், காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடாக ஒரு மாத ஊதியமான 26,000 தர வேண்டும். இப்போது நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சட்டத்தின்படி, வேலை இழந்தவர் புதிய திறன் கற்பதற்கான மறுதிறன் பயிற்சி நிதிக்காக நிறுவனம் பதினைந்து நாள் ஊதியம் கட்ட வேண்டும். அது தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் வந்து சேர வேண்டும். எடுக்காமல் சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்புக்கான பணம் தனி. நல்லெண்ணம் என்ற பெயரில் 52,000 ரூபாயைக் கொடுத்து, இரண்டரை லட்சத்துக்கு மேல் சட்டப்படி சேர வேண்டியதை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கப் பார்த்தார்கள். பணிக்கொடை வரியையும் அதே தாளில் சேர்த்து, மொத்தத் தொகையைத் தடித்த எழுத்தில் போட்டிருந்ததால் அது பெரிய தொகையாகத் தெரிந்தது. இந்த முறையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனம் கொதிக்கத்தான் செய்கிறது.

இப்போது சட்டத்தின் நிலையைச் சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் ஒரு திருத்தம் வந்தபோதுதான் ஆட்குறைப்புக்கான முன்னறிவிப்பும் இழப்பீடும் சட்டமாயின. அதன் 25ஆம் பிரிவின் கீழ் வரும் விதிகளை வைத்துத்தான் எழுபது ஆண்டுகளாகத் தொழிலாளர்கள் வழக்காடி வந்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. முன்னறிவிப்பு, இழப்பீடு, அரசுக்குத் தகவல் ஆகிய மூன்று கடமைகளும் பெரும்பாலும் பழைய சொற்களிலேயே புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர், அதாவது பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்தவர், இந்தப் பாதுகாப்புக்கு உரியவர். இந்தக் கடமைகளை நிறைவேற்றும் வரை ஆட்குறைப்புச் செய்யக் கூடாது என்பதே சட்டத்தின் வாசகம். பணத்தைப் பிறகு அனுப்பிவைக்கிறோம் என்பது இங்கே செல்லாது. வெளியேற்றும்போதே இழப்பீடு தரப்படவில்லை என்றால் அந்த ஆட்குறைப்பே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

மாறியிருப்பது வேறொன்று, அது நல்லதற்கு மாறவில்லை. பெரிய தொழிற்சாலைகள் ஆட்குறைப்புச் செய்வதற்கு முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி 1976இல் வந்தபோது, 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடங்களுக்கே அது பொருந்தியது. பிறகு 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எண்ணை 100 ஆகக் குறைத்து, மேலும் பல தொழிற்சாலைகளை அதற்குள் கொண்டுவந்தது. இப்போதைய தொகுப்பு அதை மீண்டும் 300 ஆக உயர்த்திவிட்டது. என் தம்பி வேலை செய்த இடத்தில் ஏறத்தாழ இருநூறு பேர்தான் நிரந்தரத் தொழிலாளர்கள். பழைய சட்டம் இருந்திருந்தால் மூன்று மாத முன்னறிவிப்பும் அரசின் அனுமதியும் இல்லாமல் அவனைத் தொட்டிருக்க முடியாது. இந்த மாற்றம் தொழில் வளர்ச்சிக்கானது என்று சொல்லப்படுகிறது. இருநூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவரை வெளியேற்றும் முன் அரசிடம் காரணம் சொல்ல வேண்டும் என்பது தொழிலுக்கு அவ்வளவு பெரிய சுமையா என்ற கேள்விக்கு நியாயமான பதிலை நான் இன்னும் கேட்கவில்லை.

நீண்ட சர்வீஸ் உள்ளவருக்குச் சட்டம் தரும் இன்னொரு பலம் பலருக்குத் தெரிவதில்லை. கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது ஆட்குறைப்பின் பொது விதி. ஒரே வகை வேலையில் இருப்பவர்களுள் மூத்தவரை அனுப்பிவிட்டு இளையவரை வைத்துக்கொள்வதாக இருந்தால், அதற்கான காரணத்தை நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். சம்பளம் அதிகம் என்பதற்காக மூத்தவர்களையே குறிவைத்து வெளியேற்றும் இன்றைய வழக்கத்துக்கு இந்த விதி நேர் எதிரானது. தம்பியின் பிரிவில் அவனுக்குப் பிறகு சேர்ந்த பலர் இன்றும் அதே இயந்திரங்களில் நிற்கிறார்கள். அவர்களில் யாரும் வெளியே போக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கும் உரிமை மட்டும் அவனுக்கு இருக்கிறது. ஆட்குறைப்புக்குப் பின் ஓராண்டுக்குள் அந்த நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தால், வெளியேற்றப்பட்டவருக்கு முன்னுரிமை தந்து அழைக்க வேண்டும் என்பதும் சட்டம். ராஜினாமா செய்தவருக்கு இந்த இரண்டும் கிடையாது.

அப்படியானால் செயல்திறன் போதவில்லை என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும் என்று கணினித் துறையில் இருப்பவர்கள் கேட்பார்கள். 1976இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பும், 1990இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பும் இதைத் தெளிவாக்கியிருக்கின்றன. தண்டனையாகச் செய்யப்படும் நீக்கத்தையும், சட்டம் தனியே விலக்கிவைத்திருக்கும் சில சூழல்களையும் தவிர, எந்தக் காரணத்துக்காக நிறுவனம் ஒருவரை வேலையிலிருந்து எடுத்தாலும் அது ஆட்குறைப்புதான். தண்டனை என்று சொல்வார்களானால், குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட்டு, உள்விசாரணை நடந்து, தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நீக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் இவையெல்லாம் சட்டம் தொழிலாளி என்று வரையறுப்பவருக்கே பொருந்தும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அடையாள அட்டையில் மேலாளர் என்று இருப்பதாலேயே ஒருவர் மேலாளர் ஆகிவிடுவதில்லை. அவர் நாள் முழுவதும் முதன்மையாகச் செய்யும் வேலை என்ன, ஆள் எடுக்கவும் நீக்கவும் விடுப்புத் தரவும் அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. தொழில்நுட்ப வேலை செய்பவருக்கு ஊதிய வரம்பே கிடையாது. 2015இல் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் வேலையிலிருந்து நீக்கிய பொறியாளர் ஒருவர், சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஏழு ஆண்டுகள் வழக்காடினார். அவர் நிர்வாகப் பதவியில் இருந்தவர் என்று நிறுவனம் வாதிட்டது. அவர் பார்த்தது தொழில்நுட்ப வேலை என்று ஏற்று, 2022இல் பணித்தொடர்ச்சியோடும் சம்பளத்தோடும் அவரை மீண்டும் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே நான் டீம் லீடர், எனக்குச் சட்டம் பொருந்தாது என்று யாரும் தாங்களாகவே முடிவு செய்துவிட வேண்டாம்.

மேற்பார்வையாளர் என்பதால் அந்த வரையறைக்கு வெளியே போய்விட்டவருக்கும் தமிழ்நாட்டில் ஒரு வழி இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. தொழிற்சாலைகளுக்கு இது பொருந்தாது. கடைகள், அலுவலகங்கள், வணிக நிறுவனங்கள் ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கானது. நீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் அதற்கான கெடு நாட்கணக்கில் எண்ணப்படுவது என்பதால் காத்திருக்கக் கூடாது. உண்மையிலேயே நிர்வாகத்தில் இருப்பவருக்கு இந்த வழியும் கிடையாது. வேலை ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்துக்கான பணத்தைக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் அவர் போக வேண்டும். அங்கே மீண்டும் வேலை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மேலாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் பொதுவானவை சில உண்டு. பணிக்கொடையை முப்பது நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும். உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். வேலையை விட்டு நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது ஊதியச் சட்டத்தொகுப்பின் விதி. செட்டில்மெண்டுக்கு நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் என்று காக்கவைப்பதே வழக்கமாகிவிட்ட ஊரில், இந்த ஒன்று உண்மையிலேயே நல்ல மாற்றம். பி.எஃப். பணத்தை நிறுத்திவைப்போம் என்று மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் அந்தப் பணம் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்திடம் உங்கள் பெயரில் இருக்கிறது. பத்தாண்டு சர்வீஸ் முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஐம்பது வயதுக்குப் பிறகு முன்கூட்டியே பெறலாம், ஆனால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு விழும்.

வெளியே அனுப்பப்பட்ட அன்றைக்கே செய்ய வேண்டியது என்று ஒன்று இருக்குமானால், அது ஒரு கடிதம். தம்பி அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். இன்று இத்தனை மணிக்கு இன்னார் அறையில் என்னை ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடச் சொன்னீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. நாளை வழக்கம்போல வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். என்னை நீக்கியிருந்தால் அதற்கான உத்தரவைக் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள் என்று நான்கு வாக்கியம். அவனுடைய சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பி, மறுநாள் காலையில் ஸ்பீட் போஸ்டிலும் ஒப்புகையோடு அனுப்பினோம். பிறகு வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனான். வாயில் காவலர் உள்ளே விடவில்லை. அந்தத் தேதியையும் நேரத்தையும் குறித்து, இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பினான். அவனாகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டான் என்று பின்னால் சொல்வதற்கு இனி இடமில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் மனம் உடைந்து போக வேண்டாம். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா ராஜினாமாவே ஆகாது. ஆனால் கட்டாயம் நடந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு கையெழுத்திட்டவர் மேல்தான் விழும். அன்றோ மறுநாளோ எழுதிய எதிர்ப்புக் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு, ஆறு மாதம் கழித்து எழுதும் கடிதத்துக்கு இருக்காது. பிந்தைய ஒரு தேதியிலிருந்து ராஜினாமா என்று எழுதியிருந்தால், அந்தத் தேதி வருவதற்குள் அதைத் திரும்பப் பெறவும் முடியும். காசோலை வந்துவிட்டால், குடும்பச் செலவுக்கு அதை மாற்ற வேண்டிய நிலை யாருக்கும் வரும். அப்போது ரசீதிலும் தனிக் கடிதத்திலும் "என் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்போடு பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். முழுத் திருப்தியோடு பெற்றேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகத்தை அடிக்க விடவில்லை என்றால், அதையும் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

சர்வீஸ் காலத்தை மெய்ப்பிக்கும் ஆவணங்கள் பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. நியமனக் கடிதம், நிரந்தரம் செய்த உத்தரவு, சம்பளச் சீட்டுகள், படிவம் 16, வங்கிக் கணக்கு ஏடு, பி.எஃப். பாஸ்புக். தம்பியிடம் நியமனக் கடிதம் இல்லை. 2015 வெள்ளத்தில் போய்விட்டது. ஆனால் பி.எஃப். பாஸ்புக்கில் சேர்ந்த தேதி இருந்தது, பழைய வங்கி ஏட்டில் முதல் சம்பளம் ஏறிய வரி இருந்தது. அலுவலக மின்னஞ்சலும் கணினியும் அழைத்த நிமிடத்திலேயே முடக்கப்படும் என்பதால், பாராட்டுக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதம் போன்ற சொந்த ஆவணங்களை வேலையில் இருக்கும்போதே வீட்டில் ஒரு நகல் வைத்திருப்பது நல்லது. நிறுவனத்தின் ரகசியத் தகவல்களை மட்டும் எடுத்து வந்துவிடாதீர்கள், அதையே குற்றச்சாட்டாக்கிவிடுவார்கள்.

அடுத்தது தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. தனியார் தொழிற்சாலை, நிறுவனம் என்றால் மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகம். வங்கி, தொலைத்தொடர்பு, ரயில்வே போன்றவை என்றால் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையரகம், சென்னையில் அது சாஸ்திரி பவனில் இருக்கிறது. தனி ஒருவரின் நீக்கத்தையும் தொழில் தகராறாகச் சட்டம் ஏற்கிறது என்பதால், சங்கம் இல்லாதவரும் தானே மனுக் கொடுக்கலாம். சமரசத்தில் முடியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தகராறை எழுப்புவதற்குப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டாக இருந்த கால வரம்பு இப்போது இரண்டாகக் குறைந்துவிட்டது. வழக்கு நடக்கும் காலத்தில் வேறு வேலை தேடியதற்கான சான்றுகளைச் சேர்த்து வையுங்கள். நீக்கம் தவறு என்று முடிவானால், வெளியே இருந்த காலத்துக்கான சம்பளம் தருவதே இயல்பான விதி என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் காலத்தில் சம்பாத்தியம் இல்லை என்பதைத் தொழிலாளி தன் மனுவில் சொல்ல வேண்டும். மீண்டும் வேலை கிடைக்கும் என்ற உறுதியை நான் யாருக்கும் தரமாட்டேன். பல வழக்குகளில் நீதிமன்றம் மொத்தத் தொகை தந்து முடித்துவிடுகிறது, அதற்கும் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. ஆனாலும் மனு பதிவான பிறகு நிறுவனம் பேசும் தொகை, அந்த அறையில் பேசிய தொகையாக இருப்பதில்லை. தம்பியின் நிறுவனம் முதல் சமரசப் பேச்சிலேயே இழப்பீட்டுக் கணக்கைத் திரும்பப் பார்ப்பதாகச் சொல்லி, எழுத்தில் பதில் தர அவகாசம் கேட்டிருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சமரச அலுவலர் முன்பும் தீர்ப்பாயத்திலும் தொழிற்சங்கப் பொறுப்பாளரே உங்களுக்காக வாதாடலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளர்களும், பெண்களும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். ஆதார் அட்டை, சம்பளச் சீட்டு, நீக்கக் கடிதம் இருந்தால் அது, இல்லையென்றால் நீங்கள் அனுப்பிய எதிர்ப்புக் கடிதத்தின் நகல் ஆகியவற்றோடு நேரில் போய் மனுக் கொடுங்கள்.